கேள்வி – பதில்: எங்கள் தொகுதிக்கு யார் யார் எம்.எல்.ஏ.?

கே: ஊர் மலருக்காகத் தொகுதியின் எம்.எல்.ஏ.க்கள் பட்டியலைத் தொகுக்கிறோம். 1957-க்கு நேரே இரண்டு பெயர்கள் வருகின்றன. அச்சுப்பிழையா?

ப: பிழையில்லை. அது இரட்டை உறுப்பினர் தொகுதி. 1957-ல் சென்னை மாநிலத்தில் 167 தொகுதிகள், 205 இடங்கள். அதாவது 38 தொகுதிகளுக்கு இருவர் வீதம். இரண்டில் ஓர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கோ பழங்குடியினருக்கோ உரியது. வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒருவருக்கே போட முடியாது. எண்ணி முடித்ததும் ஒதுக்கீட்டுப் பிரிவு வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவருக்குத் தனி இடம். மற்ற இடம், மிச்சமுள்ள அத்தனை பேரிலும் முந்தியவருக்கு. அவரும் ஒதுக்கீட்டுப் பிரிவினராகவே இருக்கலாம். ஆந்திரத்தின் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியில் அப்படித்தான் இரண்டு இடங்களும் பழங்குடி வேட்பாளர்களுக்குப் போயின. தோற்ற வி.வி.கிரி உச்ச நீதிமன்றம் வரை போயும் முடிவு மாறவில்லை. 1961-ல் இந்த முறையையே சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

மலரில் இருவரையும் சமமாகவே போடுங்கள். ஒருவரை ‘துணை’ என்று எழுதுவது தவறு. 1957-ன் ஓட்டு எண்ணிக்கையை 1962-டன் ஒப்பிடவும் வேண்டாம். ஆளுக்கு இரண்டு ஓட்டு என்பதால் பதிவான மொத்தம் வீங்கித் தெரியும்.

கே: ஆண்டிபட்டிக்கு 2001–06 காலத்தில் ஒருவர் பெயர்தான் கிடைத்தது. நண்பரோ இருவர் என்கிறார்.

ப: நண்பர் சொல்வதே சரி. தேர்தல் ஆணையத்தின் பொதுத்தேர்தல் அறிக்கையை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால் இடைத்தேர்தல் விட்டுப்போகும். 2001-ல் வென்றவர் தங்க தமிழ்ச்செல்வன். அவர் விலகியதால் 2002 பிப்ரவரியில் இடைத்தேர்தல் நடந்து ஜெயலலிதா வந்தார். 2016-லும் தங்க தமிழ்ச்செல்வன்தான். 2017 செப்டம்பரில் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்களில் அவரும் ஒருவர். காலியான இடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151-ஏ பிரிவு. தகுதிநீக்கத்தை எதிர்த்த வழக்கு நிலுவையில் இருந்ததால் இழுத்துக்கொண்டே போய், 2019 ஏப்ரலில்தான் வாக்குப்பதிவு. தி.மு.க.வின் மகாராஜன் வென்றார். ஆக, நடுவில் ஒன்றரை ஆண்டு யாருமில்லை. அந்த இடைவெளியைப் பட்டியலில் காட்டுங்கள். பழைய பெயரை நீட்டி நிரப்பாதீர்கள்.

எம்.ஜி.ஆர். 1984-ல் இங்கேதான் வென்றார். 1987 டிசம்பரில் அவர் மறைந்தும் இடைத்தேர்தல் வரவில்லை. மறுமாதமே பேரவை கலைக்கப்பட்டது. முதல்வர்களும் முதல்வராகப் போகிறவர்களும் இடைத்தேர்தலில் நிற்பது பழைய வழக்கம்தான். 1954-ல் காமராஜர் குடியாத்தத்தில் அப்படித்தான் வந்தார். 1952 அறிக்கையில் அந்தத் தொகுதிக்கு அவரைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

கே: எங்கள் ஊர் தேனி தொகுதியில் இருந்தது. இப்போது அப்படியொரு தொகுதியே இல்லை. எந்தப் பட்டியலைப் பின்பற்றுவது?

ப: தொகுதிப் பெயரை விடுங்கள், ஊரைப் பிடியுங்கள். தொகுதி எல்லைகளை மாற்றி வகுத்த 2008 மறுவரையறை ஆணையில் ஒவ்வொரு தொகுதிக்கும் கீழே தாலுகா, வருவாய்க் கிராமங்கள், பேரூராட்சிகள் வரிசையாக இருக்கும். அங்கே உங்கள் கிராமம் எதில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, 1976 ஆணையிலும் தேடுங்கள். பிறகு அதற்கும் முந்தையது. 2011 தேர்தல் முதல் 2008 எல்லை, 1977 முதல் 2006 வரை 1976 எல்லை. நகராட்சி என்றால் கவனம்: வார்டு எண்கள் இடையில் மாறியிருக்கும். எண்ணை நம்பாமல் தெருவை வைத்துச் சரிபாருங்கள்.

பெயர் அப்படியே இருக்க, தன்மை மாறிய தொகுதிகளும் உண்டு. பெரியகுளத்தில் 2001, 2006 இரண்டிலும் வென்ற ஓ.பன்னீர்செல்வம் 2011-ல் போடிநாயக்கனூருக்குப் போனார். மறுவரையறையில் பெரியகுளம் தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதியாகிவிட்டதே காரணம். இது தெரியாமல் பட்டியலைப் பார்ப்பவர், ஏதோ தோல்வி பயத்தில் ஓடினார் என்று கதை கட்டிவிடுவார்.

கே: எங்கள் தெருவில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று அறியலாமா?

ப: தெருவுக்குக் கிடைக்காது, வாக்குச்சாவடிக்குக் கிடைக்கும். சாவடி வாரியாக ஓட்டுகளைக் காட்டும் இறுதி முடிவுத் தாளான படிவம் 20-ஐப் பாருங்கள். தபால் ஓட்டு அதில் தனி வரியாக இருக்கும், எந்தச் சாவடியிலும் சேராது. சாவடி எண்கள் ஒரு தேர்தலிலிருந்து அடுத்ததற்கு மாறக்கூடியவை. ஆகவே 45-ஐ 45-டன் ஒப்பிடாமல், அந்தந்த ஆண்டுச் சாவடிப் பட்டியலில் பள்ளிக்கூடத்தின் பெயரையும் உட்பட்ட தெருக்களையும் பார்த்துப் பொருத்துங்கள்.