முந்தானையில் ஒரு கெஜம்

வணக்கம் சார்,

சென்ற மாதம் உங்கள் பாட்டி தைத்த ஒட்டுப்போர்வையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்கும் ஒன்று தைக்க ஆசை. என் அம்மா போன புரட்டாசியில் இறந்துபோனார். பீரோவில் அவருடைய புடவைகள் 41 இருக்கின்றன. பட்டு எல்லாம் அண்ணிக்கும் எனக்கும் என்று பேசியாகிவிட்டது. மற்றதை எவர்சில்வர் பாத்திரக்காரரிடம் போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். எனக்கு மனசு வரவில்லை.

நல்ல கத்தரிக்கோல் ஒன்று வாங்கிவிட்டேன். அம்மா அறுபதாம் கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழக் கலர் பட்டு என் பங்குக்கு வந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமையாக அதைக் கட்டிலில் விரிக்கிறேன், பார்க்கிறேன், மடித்து வைத்துவிடுகிறேன். இறந்தவர் புடவையில் கத்தரி வைக்கக் கூடாது என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. "ஆன்லைன்ல ஐந்நூறு ரூபாய்க்குப் போர்வை வருது, நம்ம ஊர் வெயிலுக்கு அதுவே அதிகம்" என்கிறார் என் கணவர். பெங்களூரில் இருக்கும் மகள் மட்டும்தான் "செய்ம்மா" என்றாள்.

வெட்டலாமா? பட்டையும் சாதாரணப் புடவைகளையும் சேர்த்துத் தைக்கலாமா? எங்கே ஆரம்பிப்பது? அம்மாவின் நைட்டிகள் இரண்டு கிடக்கின்றன, அவற்றைத் தரை துடைக்க எடுத்து வைத்துவிட்டேன்.

ம.,
புதுப்பாளையம், கடலூர்

*

அன்புள்ள ம. அவர்களுக்கு,

வெட்டலாம். ஆனால் அந்த மாம்பழக் கலர் பட்டு வேண்டாம். மூன்று ஞாயிறாக உங்களுக்குக் கை வராததற்குக் காரணம் நீங்கள் தப்பான புடவையை எடுத்து விரித்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பட்டை அம்மா எத்தனை தடவை கட்டியிருப்பார்? பேரப்பிள்ளை காதுகுத்து, ரெண்டு கல்யாணம், பாடலீஸ்வரர் கோயிலுக்கு ஒரு தடவை. பத்துகூடத் தேறாது. அதில் அம்மா வாசனையைவிட அந்துருண்டை வாசனைதான் தூக்கலாக இருக்கும். நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலில் நின்றது ஒரு வாயில் புடவை. உங்கள் மூக்கைத் துடைத்துவிட்டது, அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை இறக்கியது, சில்லறையை முடிந்து வைத்தது எல்லாம் அந்த வாயில் புடவையின் முந்தானை. பீரோவின் அடித்தட்டில், யாரும் பங்கு கேட்காமல் கிடக்கிறதே, அதுதான் உங்கள் போர்வைக்கான துணி.

தையல் வேலையாகப் பார்த்தாலும் இதுதான் சரி. பட்டும் நூல் துணியும் ஒரே போர்வையில் ஒத்துப்போகாது. நூல் துணியை ஊறவைத்துத் துவைக்கலாம், பட்டு அதைத் தாங்காது. ஜரிகை உடம்பைச் சுரண்டும். பழைய பட்டு மடிப்பு விழுந்த இடத்திலேயே இற்றுப்போகும், மடிப்பை அவ்வப்போது மாற்றிப் போடச் சொல்வது அதனால்தான். அந்தப் பட்டை நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள். 41-இல் பூனம் புடவை நாலைந்தாவது இருக்கும், அவற்றைப் பாத்திரக்காரருக்கே கொடுத்துவிடலாம். வியர்வையை உறிஞ்சாது, ஊசிக்கு அடங்காமல் நழுவிக்கொண்டே இருக்கும். அண்ணன் பேச்சையும் கொஞ்சம் கேட்ட மாதிரி ஆயிற்று.

என் பாட்டி வீடு புதுச்சேரி முதலியார்பேட்டையில். தாத்தா கடலூர் ரோட்டில் இருந்த ஏ.எஃப்.டி.யில் வேலை பார்த்தார். ஊர்க்காரர்களுக்கு அது ரோடியர் மில். (1898-இல் தொடங்கிய மில், 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது என் காது இன்னும் சங்கைத் தேடும்.) மத்தியானச் சங்கு ஊதியதும் பாட்டி கூடத்தில் பழைய புடவைகளை விரிப்பார். ஒன்றின் மேல் ஒன்றாக நாலு. காற்றில் நகராமல் இருக்க மூலைக்கு ஒரு பாரம்: அரிசிப் படி, இஸ்திரிப்பெட்டி, குழவி, நாலாவது மூலைக்கு நான். அசையாமல் உட்கார்ந்திருந்தால் ஒரு கமர்கட்.

பாட்டி ஒரு பக்கம், எதிர்வீட்டு ஆயா ஒரு பக்கம் உட்கார்ந்து நூல் ஓட்டிக்கொண்டே நடுவை நோக்கி வருவார்கள். நெல் அளவுக்குத் தையல், நெல் அளவுக்கு இடைவெளி. ரெண்டு பேர் வரிசையும் நடுவில் வந்து சேரும்போது ஒரு விரற்கடை தப்பியிருக்கும். கோணல் யாருடையது என்பதுதான் அன்றைய சண்டை. காபி ஆறிப்போகும் அளவுக்கு நடக்கும். பல வருஷம் கழித்து அந்த ஆயா இறந்தார். துக்கம் கேட்டுவிட்டு வந்த பாட்டி, போர்வையை எடுத்து மடியில் போட்டு, அந்தக் கோணலை விரலால் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம், "இது அவ பக்கம்தான்" என்றார். அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒரு தகவல். என் பாட்டியும் சாஸ்திரம் பார்ப்பவர்தான். விளக்கு வைத்த பிறகு யாருக்கும் ஊசி இரவல் தரமாட்டார். அதே பாட்டி, மாமியார் காரியம் முடிந்த மாதமே மாமியார் புடவையில் கத்தரி வைத்தார்.

உங்கள் கணவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. கடலூர் புழுக்கத்தில் மார்கழி, தை தவிர யாருக்குப் போர்வை வேண்டும்? ஆனால் நம் பக்கம் இதைப் போர்த்தியவர்களைவிட விரித்துப் படுத்தவர்கள்தான் அதிகம். பெயர்தான் போர்வை. இருக்கிற இடம் பாய்க்கு மேலே, இல்லையென்றால் பிறந்த குழந்தைக்குக் கீழே. துவைத்துத் துவைத்து நைந்த நூல் புடவை மாதிரி குழந்தை முதுகுக்கு மெத்தென்று எந்தக் கடைத்துணியும் இருக்காது.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரை ஏறியதைக் கடலூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேவனாம்பட்டினத்தில் என் சித்தி வீட்டு ஓடுகள் பறந்தன, வீட்டுக்குள் நனையாத பொருள் இல்லை. இலவம்பஞ்சு மெத்தை கட்டி தட்டி, மூன்றே நாளில் நாற்றமெடுத்துத் தெருவுக்கு வந்தது. பாட்டி தைத்த ரெண்டு போர்வைகளையும் சித்தி பிழிந்து, முற்றத்தில் சாய்ந்து கிடந்த முருங்கை மரத்தின் மேலேயே காயப்போட்டார். மறுநாள் சாயங்காலம் பிள்ளைகள் அதில் படுத்துத் தூங்கினார்கள். ஐந்நூறு ரூபாய்ப் போர்வையும் காய்ந்திருக்கும்தான், அதை நான் மறுக்கவில்லை. சித்தப்பா அதன் மேல் படுத்துக்கொண்டு, "இது எங்க அம்மா கட்டின சுங்குடி, இது உன் சீமந்தத்துக்கு எடுத்தது" என்று டார்ச் அடித்துப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்க முடியாது.

ஒட்டு என்றாலே நம் ஆட்களுக்கு முகம் சுருங்கும். எங்கள் வீட்டு மாடியில் காயும் போர்வையைப் பார்த்த உறவுக்காரர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எல்லாம் நல்லாத்தானே இருக்கு? ஏதாச்சும் பணம் வேணுமா?" என்று கேட்டார். ஐயாயிரம் வாங்கியிருக்கலாம், சமயத்தில் தோன்றவில்லை. நமக்குக் கந்தை என்றால் கிழிசல். அதே சொல்தான் வங்காளத்தில் காந்தா என்று கடையேறி ஆயிரக்கணக்கில் விலை போகிறது. அதுவும் பழைய புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலால் தைத்ததுதான். தெலுங்குக்காரர்களுக்கு இது பொந்த, வட கர்நாடகத்தில் கவுதி, மராத்தியில் கோதடி. உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் (தேவனாம்பட்டினம் சித்தி இல்லை) போர்வையை ஓரத்தில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியைப் பூ என்று சொல்லி வைப்பார்கள். பூ இல்லாத போர்வை அவர்களுக்கு அம்மணம்.

அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு கிராமம். அங்கே வாழ்ந்த கறுப்பினப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகச் சுவருக்கு ஏறின, 2006-இல் தபால் தலையிலும் வந்தன. அவற்றில் ஒன்று 1942-இல் மிசௌரி பெட்வே தைத்தது. கணவர் இறந்ததும், அவர் வயலில் உடுத்திய வேலைத் துணிகளையே எடுத்து வெட்டினார். அவரை நினைத்துக்கொண்டு அதையே போர்த்திப் படுத்துக்கொள்வேன் என்று அம்மா சொன்னதாக மகள் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வெயிலில் வெளுத்த கால்சட்டை முட்டிகள் அதில் அப்படியே தெரியும். கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைத் தேடி வெட்டவில்லை, பாருங்கள்.

தைப்பதில் உள்ள சுகத்தைப் பற்றி எழுதினால் நான் பெரிய கைகாரன் என்று நினைத்துவிடுவீர்கள். என் முதல் போர்வையில் அப்பாவின் பழைய வேட்டிகளுக்கு நடுவே புதுச் சிவப்புத் துணியை, துவைக்காமலேயே வைத்துத் தைத்தேன். முதல் துவைப்பில் வேட்டி எல்லாம் ரோஜா நிறம். வெள்ளையைத் தவிர வேறு உடுத்தாத மனிதர் அப்பா. இன்னொரு தடவை, போர்வையை மடியில் போட்டு மும்முரமாக நூல் ஓட்டிக்கொண்டிருந்தேன். கூரியர்காரர் மணி அடித்தார். எழுந்தேன், போர்வையும் கூடவே எழுந்தது. கட்டியிருந்த குறிஞ்சிப்பாடிக் கைலியையும் நாலடி நீளத்துக்குச் சேர்த்துத் தைத்திருந்தேன். அவர் கீழே பார்க்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார், நல்ல மனுஷன்.

சரி, வேலைக்கு வருவோம். வெட்டுவது என்றால் புடவையையே இல்லாமல் செய்வது என்று பயப்படுகிறீர்கள். அவ்வளவு துணி தேவையில்லை. 5 அடிக்கு 7 அடிப் போர்வை, தைத்த பின் 6 அங்குலம் நிற்கும் சதுரம் என்று வைத்தால் 10-க்கு 14, மொத்தம் 140 சதுரம். தையலுக்கு விட்டு ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். முந்தானைப் பக்கம் ஒரு கெஜம் எடுத்தால் 30 சதுரம் வரும். ஐந்து புடவையில் தலைக்கு ஒரு கெஜம், கையில் 150. பத்து சதுரம் நீங்கள் தப்பாக வெட்டுவதற்கு. முந்தானைதான் அம்மா கை அதிகம் பட்ட இடம், அதனால் அங்கிருந்தே எடுங்கள். மஞ்சள் கறை இருந்தால் தள்ளிவிடாதீர்கள், நடுவில் வையுங்கள். ஒரே இடம் நைந்து கண்ணாடியாகத் தெரிந்தால் மட்டும் அடியில் இன்னொரு துண்டு கொடுங்கள். வெட்டிய புடவைகளில் ஒன்றின் மிச்சத்தைக் குறுக்கே ரெண்டாக்கிப் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் அடித்துணி ஆயிற்று, இன்னொன்று நடுவே. சதுரங்களை மிஷினில் இணைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. மூன்று அடுக்கையும் சேர்க்கும் தையல் மட்டும் கையால், நடுவில் தொடங்கி ஓரத்துக்கு. அப்போதுதான் சுருக்கம் வெளியே போகும். எல்லாத் துணியையும் முதலில் துவைத்துவிடுங்கள். என் அப்பா வேட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சும் பொடித் துண்டுகளையும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனம், நம் கடற்கரை மீனவப் பெண்களோடு சேர்ந்து சுனாமிகா என்று குட்டிப் பொம்மை செய்தது. கழித்த துண்டுத் துணிதான் அதற்கு உடம்பு. அதை விற்பதில்லை, கொடுப்பதோடு சரி.

அப்புறம் அந்த நைட்டிகள். போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டீர்கள். இன்றைக்கே அவற்றை எடுத்து உள்ளே வையுங்கள். கடைசிப் பத்து வருஷம் அம்மா வீட்டில் எதில் இருந்தார்? நைட்டியும் தோளில் ஒரு துண்டுமாகத்தானே? என் அத்தை இறந்தபோது நாங்களும் புடவையைப் பத்திரப்படுத்திவிட்டு நைட்டிகளைக் கழித்துக் கட்டினோம், கொடியில் கிடந்த ஒன்று மட்டும் தப்பியது. பாக்கெட் வைத்த நைட்டி. பாக்கெட்டைப் பிரிக்காமல், முழுசாக ஒரு சதுரத்துக்குள் வரும்படி வெட்டினேன். இப்போது அந்தப் போர்வையில் படுக்கும் அக்கா பேரன் கோலிகுண்டு, பென்சில் சீவல், கடித்து வைத்த பிஸ்கட் எல்லாவற்றையும் அதற்குள்தான் போடுகிறான். எறும்பு வருகிறது என்று அக்காவுக்குப் புகார்.

உங்கள் அம்மா நைட்டியிலும் பாக்கெட் இருந்தால், வெட்டும் முன் உள்ளே கையை விட்டுப் பார்த்துவிடுங்கள். அத்தையுடையதில் ஒரு ஹேர்பின்னும், நாலாக மடித்த பஸ் டிக்கெட் ஒன்றும் இருந்தன. கடலூரிலிருந்து பாண்டி.