வாசகர் கேள்வி பதில்: மொரீஷியஸ் போகும்போது ரீயூனியனையும் பார்க்கலாமா?

கே: மே விடுமுறையில் குடும்பத்தோடு மொரீஷியஸ் போகிறோம். அப்படியே பக்கத்து ரீயூனியன் தீவில் எரிமலையையும் பார்த்துவிட்டு வரலாமா? (வாசகி, காட்பாடி)

ப: வரலாம், ஆனால் விசா விஷயத்தில்தான் பலர் இடறுகிறார்கள். மொரீஷியசுக்கு முன்கூட்டி விசா வேண்டாம். இறங்கியதும் கட்டணமில்லாமல் தருவார்கள். ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், ஓட்டல் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவற்றை அச்செடுத்து வையுங்கள். கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும்.

ரீயூனியன் பிரான்சின் பகுதி. ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக விடும் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. பாரிசுக்கு வாங்கிய ஷெங்கன் விசா அங்கே தானாகச் செல்லாது. விண்ணப்பத்திலேயே ரீயூனியன் என்று குறிப்பிடுங்கள். விசா கைக்கு வருமுன் டிக்கெட் போட்டுவிடாதீர்கள். மொரீஷியசிலிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரம்தான், அதை நம்பித்தான் ஏமாறுகிறார்கள்.

எரிமலையின் பெயர் பித்தோன் த லா ஃபூர்னேஸ், உயரம் 2,632 மீட்டர். சுமார் 2,300 மீட்டர் வரை காரில் போய்விடலாம். அதாவது ஏலகிரியைப் போல இரண்டு மடங்கு உயரம். விடியற்காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. விடிந்ததும் அங்கே இருங்கள், நேரம் ஏற ஏற மேகம் மூடிவிடும். அங்கிருந்து உச்சிக்கு நடந்து திரும்ப ஐந்தாறு மணி நேரம். வழியில் தண்ணீர் கிடைக்காது. ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துப் போங்கள். குமுறல் தொடங்கினால் நடைபாதையை மூடிவிடுவார்கள். நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் கிழக்குக் கரைச் சாலையே போதும்: எரிமலைக் குழம்பு கடல்வரை ஓடி உறைந்த கறுப்புப் பாறைகளை அது குறுக்கே வெட்டிச் செல்கிறது. 1977-ல் குழம்பு சூழ்ந்தும் தப்பிய தேவாலயமும் அந்தப் பக்கம்தான்.

கே: சாதாரண செருப்பு போதுமா? (வாசகர், குடியாத்தம்)

ப: போதாது. நம் வேலூர்க் கோட்டைக் கல் மாதிரி வழவழப்பாக இருக்காது அந்தப் பாறை. குழம்பு உறையும்போது வாயு வெளியேறிய துளைகள் நிறைந்திருக்கும், விளிம்பு கத்தி மாதிரி. ரப்பர் செருப்பைக் கிழித்துவிடும். கணுக்காலை மூடும் ஷூ வேண்டும். கடலில் இறங்க ரப்பர் ஷூ தனியாக எடுத்து வையுங்கள். பவளப்பாறைகளுக்கிடையே கடல் முள்ளெலியும் கல் மீனும் இருக்கும். கல் மீனை மிதித்தால் அதன் முள்ளில் விஷம்.

கே: மாம்பழம், கறிவேப்பிலை, மாத்திரை கொண்டுபோகலாமா? (வாசகி, ஆரணி)

ப: பழம், இலை, பூ, விதை வேண்டாம், அனுமதிச் சீட்டு இல்லாமல் மொரீஷியசில் பறித்துக்கொள்வார்கள். மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு கொண்டு போங்கள். டிரமடால், கோடீன் கலந்த வலி மாத்திரை, இருமல் மருந்து என்றால் முன் அனுமதி வாங்காமல் பெட்டியில் வைக்காதீர்கள், சட்டம் கடுமையானது. இ-சிகரெட்டும் கூடாது.

கே: மே மாதம் அங்கே எப்படி? தமிழ் செல்லுமா? (வாசகர், ஆற்காடு)

ப: இங்கே அக்னி நட்சத்திரம், அங்கே குளிர்காலத் தொடக்கம். புயல் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மொரீஷியசின் கிழக்குக் கரையில் குளிர்காலத்தில் காற்று அதிகம். குழந்தைகளோடு குளிக்க மேற்குக் கரையில் அறை எடுங்கள். தமிழை மொரீஷியசின் ரூபாய் நோட்டில் பார்க்கலாம். 1998-ல் தமிழை இந்திக்குப் பின்னால் தள்ளி அச்சடித்த நோட்டுகளை எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றார்கள். கடைவீதியில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி, ஆங்கிலத்தில் கேட்டாலும் பதில் வரும்.