மளிகையைக் குறைத்தும் மாதக் கடைசியில் துண்டு விழுகிறது என்றால்

மளிகையில் இனியும் கை வைக்காதீர்கள். மளிகையைக் குறைத்தும் மாதம் 6,000 ரூபாய் துண்டு விழுகிறது, என்ன செய்வது என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அதைப் பாலையும் பருப்பையும் குறைத்து அடைக்க முடியாது. கிரெடிட் கார்டை முதலில் பாருங்கள்.

நான்கு மாதத்துக்குச் சம்பளம் குறைவு என்பதால் கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அடி அங்கேதான். அப்படிக் கட்டினால் பழைய பாக்கிக்கு மட்டுமல்ல, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். நானும் ஒரு வருடம் இதில் மாட்டிக்கொண்டு தவித்திருக்கிறேன். கார்டைப் பீரோவில் பூட்டுங்கள். பாக்கியைத் தவணையாக மாற்ற முடியுமா, வட்டி எவ்வளவு என்று வங்கியில் கேளுங்கள்.

அப்புறம், யுபிஐ செயலியில் ஆட்டோபே பட்டியலை, அதாவது தானாகவே பணம் பிடிக்க நீங்கள் அனுமதி கொடுத்தவற்றின் பட்டியலை, இன்றே திறந்து பாருங்கள். எங்கள் வீட்டில் யாருமே பார்க்காத இரண்டு ஓடிடி சந்தாக்கள் அதில் ஓடிக்கொண்டிருந்தன.

தமிழ்நாட்டில்தான் இருக்கிறீர்கள் என்றால் மின் மீட்டரையும் கவனியுங்கள். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், கூடுதல் யூனிட்டுகளின் விலை உயர்வதோடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான சலுகை விலையும் போய்விடும். அரிசி அட்டை இருந்தால் ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். விடாமல் வாங்குங்கள்.

மருத்துவக் காப்பீட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சீட்டுப் பணத்தை ஏற்கெனவே எடுத்திருந்தால் மீதித் தவணைகளைக் கட்டாமல் பாதியில் விட முடியாது. எடுக்கவில்லை என்றால், சீட்டு நடத்துபவரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.