வாசகர் கேள்வி: மனுஷன் எம்மாத்திரம்?

கேள்வி: பைபிளில் சங்கீதம் 8 மனிதனுக்கு முடிசூட்டுகிறது. யோபு 25:6 அவனைப் புழு என்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

பதில்: பேசுவது யார் என்று முதலில் பாருங்கள். யோபு 25-ஆம் அதிகாரம் மொத்தமே ஆறு வசனம்தான். பேசுபவர் பில்தாத், யோபுவின் நண்பர். இந்த நண்பர்கள் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று 42:7-இல் கடவுளே கோபப்படுகிறார். அப்படியிருக்க, 25:6-ஐக் கடவுளின் தீர்ப்பாகத் தூக்கிப் பிடிப்பது பிழை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சங்கீதக்காரரும் பில்தாத்தும் பார்ப்பது ஒரே வானத்தைத்தான். நிலவையும் நட்சத்திரங்களையும் படைத்தவர் மனிதனை நினைக்கிறாரே என்று முன்னவர் வியக்கிறார். அந்த நிலவுக்கே கடவுள் முன் ஒளியில்லை, புழுவாகிய மனிதன் எந்த மூலைக்கு என்கிறார் பின்னவர். அவர் வாயில் வரும் எபிரெயச் சொற்கள் ரிம்மா, தோலேயா. யாத்திராகமம் 16-இல், பாலைவனத்தில் கடவுள் தந்த உணவான மன்னாவை மீத்து வைத்ததைப் பற்றிய பகுதியிலும் இதே சொற்கள்தான் வருகின்றன. கெட்டுப்போன உணவில் நெளியுமே, அந்தப் புழு.

யோபு 7:17-ஐயும் சேர்த்துப் படியுங்கள். ‘மனுஷன் எம்மாத்திரம்’ என்ற சங்கீதம் 8-இன் அதே கேள்வி அங்கே யோபுவின் முறையீடாகிறது: எச்சில் விழுங்கக்கூட விடாமல் ஏன் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்?

கேள்வி: சங்கீதம் 8:5-இல் ‘தேவதூதரிலும் சற்று சிறியவன்’ என்ற இடத்தில், எபிரெய மூலத்தில் தேவதூதர் இல்லையாமே?

பதில்: இல்லைதான். அங்கே இருப்பது எலோஹிம். பெரும்பாலும் கடவுளைக் குறிக்கும். சில இடங்களில் தெய்வங்களையும். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்து அதைத் தேவதூதர் என்றது. புதிய ஏற்பாட்டில் எபிரெயர் 2:7 அதையே எடுத்தாள்கிறது. பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் இந்தச் சங்கீதத்தை இருவிதமாக லத்தீனில் தந்தார்: கிரேக்க வழியில் தேவதூதர், எபிரெய வழியில் கடவுள். எபிரெயப் பதிப்பில் தேடுவோர் கவனிக்க: அங்கே தலைப்பும் ஒரு வசனம். நம் 8:5 அங்கே 8:6.

கேள்வி: ஏசாயா 40:15-இல் வரும் ‘ஏற்றச்சாலில் தொங்கும் துளி’ யார்?

பதில்: ஜாதிகள், அதாவது தேசங்கள். மூலத்தில் வெறும் வாளி. ஏற்றத்தில் நீர் இறைக்கும் பாத்திரமான ஏற்றச்சால் தமிழாக்கியவர் கைவண்ணம், அழகாகவே பொருந்துகிறது. விளிம்பில் தொங்கும் துளி விழுந்தாலும் சாலில் நீர் குறைந்ததாகத் தெரியாது. படிந்த தூசியால் தராசுத் தட்டும் இறங்காது. பாபிலோனின் பிடியில் கிடந்தவர்களிடம் சொன்னது இது. தாழ்த்தப்படுவது பேரரசுகள், அதே அதிகாரத்தின் 29-ஆம் வசனத்தில் சோர்ந்துபோனவனுக்குப் பெலன் கிடைக்கிறது.