வேறு வேறு கிட் பாகங்களைச் சேர்த்து ஒரே உருவமாக்க எந்தப் பசை நல்லது?

ஒரு மாடல் கிட்டின் (பாகங்களை ஒட்டிச் சிறு உருவம் செய்யும் பெட்டி) உடம்பில் இன்னொரு கிட்டின் கையையும் தலையையும் ஒட்டினால் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்கும். ஆனால் பசை வாங்கும் முன் பாகம் எதனால் ஆனது என்று பாருங்கள்.

பெரும்பாலான பிளாஸ்டிக் கிட்கள் பாலிஸ்டைரின். இதற்கு மாடல் சிமென்ட் என்னும் பிளாஸ்டிக் பசைதான் சரி. அதிலுள்ள கரைப்பான் இரு பரப்புகளையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவைத்த பிசின்), உலோகப் பாகங்களிடம் இது பலிக்காது. அங்கே ஃபெவிக்விக் வகைப் பசை. அது இழுத்தால் தாங்கும், கீழே விழுந்தால் பட்டென்று விட்டுவிடும். அதனால் இரு பக்கமும் 1 மி.மீ. துளை போட்டு, பேப்பர் கிளிப் கம்பித் துண்டைச் செருகி ஒட்டுங்கள். துளைகள் நேருக்கு நேர் வர வேண்டுமா? முதல் துளையின் வாயில் ஒரு பொட்டுப் பெயிண்ட் வைத்து, காய்வதற்குள் மற்ற பாகத்தை அழுத்துங்கள். அடையாளம் விழுந்துவிடும்.

இடைவெளிகளை அடைக்க எம்-சீலே போதும். கருவியை நனைத்துக்கொண்டால் ஒட்டாது.

அப்புறம் அளவு. 175 செ.மீ. ஆள் 1/35 விகிதத்தில் 5 செ.மீ., 1/72இல் சுமார் 2.4 செ.மீ. ஒரு விகிதத்தின் தலையை இன்னொரு விகிதத்தின் உடம்பில் வைத்தால் சிரிப்பாகத்தான் இருக்கும். கற்பனை விண்கலங்களில் இந்தக் கவலையே இல்லை. டாங்கிச் சக்கரம் இன்ஜின் மூடியாக அழகாக உட்காரும். 1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் கலங்களில் தெரியும் நுணுக்கங்கள் பல, டாங்கி கிட்களிலிருந்து பிய்த்து ஒட்டியவைதான்.

கடைசியில் பிரைமர் (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடியுங்கள். எல்லாம் ஒரே நிறமானால்தான் விட்டுப்போன கீறல் கண்ணில் படும். ரெசினைத் தேய்ப்பதானால் தண்ணீர் விட்டு, மாஸ்க் போட்டுத் தேயுங்கள்.