வேலை போனது, 401(கே) கடன் பாக்கி நிற்கிறது

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன், வயது 43. ஓய்வூதியச் சேமிப்பான 401(கே) கணக்கில் கடன் வாங்கியிருந்தேன். சம்பளத்தில் தவணை பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடந்த ஆண்டு ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. அத்தோடு தவணையும் நின்றது. 12,000 டாலர் பாக்கி. இப்போது வேறு வேலை கிடைத்து, பணம் கட்டலாம் என்று கேட்டால், "கடன் கணக்கை முடித்துவிட்டோம்" என்கிறார்கள். வசூலுக்கு ஆள் வருமா? கிரெடிட் ஸ்கோர் கெட்டுவிடுமா?

பதில்: ஆளும் வராது, ஸ்கோரும் பொதுவாகக் கெடாது. கடன் கொடுத்ததே உங்கள் சேமிப்புதானே! வரப்போவது வருமான வரி. கட்டாத பாக்கியை நீங்கள் எடுத்துக்கொண்ட பணமாகக் கருதி, அந்த ஆண்டு வருமானத்தில் சேர்த்துவிடுவார்கள். ஐம்பத்தொன்பதரை வயதாகாததால் அதற்கு மேல் 10 சதவீத அபராதம், அதாவது 1,200 டாலர். கலிபோர்னியாவில் இருந்தால் மாநிலத்துக்கும் கூடுதலாக 2.5 சதவீதம்.

இதிலிருந்து தப்ப முடியுமா என்பதை, ஓய்வூதியக் கணக்கிலிருந்து எடுத்த பணத்தைக் காட்டி உங்களுக்கு வரும் 1099-ஆர் படிவத்தின் 7ஆம் கட்டம் சொல்லிவிடும். அங்கே 'எம்' இருந்தால், வேலையிலிருந்து நின்றதால் பாக்கியை உங்கள் சேமிப்பிலேயே கழித்துக்கொண்டார்கள் என்று பொருள். அந்தத் தொகையைக் கையிலிருந்து ஐ.ஆர்.ஏ. (தனிநபர் ஓய்வூதியச் சேமிப்பு) கணக்கில் போட்டால் வரியும் இல்லை, அபராதமும் இல்லை. முன்பு இதற்கு 60 நாள்தான். 2018 முதல், கழித்த ஆண்டுக்கான வரிக்கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசி நாள் வரை அவகாசம் உண்டு. நீட்டிப்பு வாங்கினால் அக்டோபர் 15. முழுத் தொகை இல்லையா? 5,000 போடுங்கள், அந்த 5,000க்கு வரி போய்விடும். போடும்போது 'ரோல்ஓவர்' (ஓர் ஓய்வூதியக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பணம்) என்று குறிப்பிட மறந்துவிடாதீர்கள். இல்லாவிட்டால் ஆண்டுச் சந்தாவாக வரவு வைத்துவிடுவார்கள். அதற்கு உச்சவரம்பு உண்டு, பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு.

'எல்' என்றிருந்தால் இந்த வழி அடைத்துவிட்டது. தவணை தவறிக் கடன் முறிந்ததாக எழுதியாகிவிட்டது, ஐ.ஆர்.ஏ.வில் போட்டும் பயனில்லை, வரியைக் கட்டத்தான் வேண்டும். கையில் பணமில்லை என்று தாக்கல் செய்யாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். தாமதத் தாக்கலுக்கு அபராதம் மாதம் 5 சதவீதம், தாமதமாகக் கட்டுவதற்கு அரை சதவீதம்தான். கணக்கை நேரத்தில் கொடுத்துவிட்டு, 9465 படிவத்தில் தவணை கேளுங்கள்.

இப்போதுதான் வேலை இழந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலையை விட்ட பிறகும் வங்கிக் கணக்கிலிருந்து தவணை கட்டச் சில 401(கே) திட்டங்கள் அனுமதிக்கின்றன. தவறிய தவணையை அடுத்த காலாண்டு முடிவதற்குள் கட்டிச் சரிசெய்யவும் திட்டம் இடம் தரலாம். பிப்ரவரியில் தவறினால் ஜூன் 30 வரை. வேலையின் கடைசி நாளன்று மனிதவளத் துறையினர் இதைத் தாமாகச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். திட்ட நிர்வாகியை நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.