வாசகர் கேட்டவை: மலைக் கிராமங்களும் படிக்கட்டு வயல்களும்

கேள்வி: எனக்கு வயது 55. நேபாளத்தின் மலைக் கிராமங்கள் வழியே நடந்து பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வாழ்நாள் முழுவதும் சமதரையிலேயே நடந்து பழகிய எனக்கு இது இயலுமா? – ஒரு வாசகி, சுன்னாகம்

பதில்: இயலும். ஆனால் தாங்கள் அஞ்ச வேண்டியது ஏற்றத்தை அன்று, இறக்கத்தையே. ஏறும்போது மூச்சு வாங்கினால் நின்று இளைப்பாறிக் கொள்ளலாம். இறங்கும்போதோ ஒவ்வொரு படியிலும் உடலின் பாரத்தை முழங்கால் தாங்க வேண்டியிருக்கும். அன்னபூர்ணா பகுதியில் புதியவர்கள் பலரும் தேர்ந்தெடுக்கும் பாதை, கோரேபானிக்கு ஏறி, 3,210 மீற்றர் உயரமுள்ள பூன் ஹில்லில் சூரிய உதயம் பார்த்துவிட்டு, குருங் மக்களின் கல்வீடுகள் நிறைந்த காந்துருக் வழியாக இறங்குகிறது. அதில் உல்லேரி என்ற ஊருக்கு ஏறும் பகுதியில் மட்டும் 3,000க்கும் மேற்பட்ட கற்படிகள் உள்ளன. இப்போது உல்லேரி வரை ஜீப் செல்வதால் அவற்றைத் தவிர்க்கவும் வழி உண்டு.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏற்றம் என்று சொல்லத்தக்க ஓரிடம் இல்லை. கீரிமலைக்கும் பெயரில்தான் மலை. ஆகவே மாடிக் கட்டடம் ஒன்றின் படிகளில், முதுகில் சிறு சுமையுடன், ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வைத்துச் சில மாதங்கள் பழகுங்கள். மணற்காட்டு மணற்குன்றுகளில் நடப்பதும் கணுக்காலுக்கு நல்ல பயிற்சி. இரண்டு ஊன்றுகோல்களைக் கைக்கொள்ள வெட்கப்பட வேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை, தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் நாட்டவர் என்பதால் நமக்குச் சில சலுகைகள் உண்டு. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதியின் நுழைவுக் கட்டணம் பிற வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாவாகவும் சார்க் நாட்டவருக்கு 1,000 ஆகவும் இருந்து வருகிறது. வெளிநாட்டவர் வழிகாட்டி ஒருவருடனேயே நடக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் கொண்டுவரப்பட்டது. விதி இல்லாவிட்டாலும் முதன்முறை செல்பவருக்கு அதையே சொல்லியிருப்பேன்.

எனினும் கடவுச்சீட்டைத் தேடுவதற்கு முன், நமது மலையகத்தில் பெக்கோ பாதையின் ஓரிரு கட்டங்களை நடந்து பாருங்கள் என்பதே என் கருத்து. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் இப்பாதை 300 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு, 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வணிக நோக்கில் முதன்முதலாகத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் வழியில் வருகிறது. அங்கே வழி கேட்கவும் தேநீர் கேட்கவும் தமிழே போதும். வேறு பல நாட்டு மலைகளில் நமக்கு இந்த வசதி கிடைக்காது. லயன் அறைகள் எனப்படும் தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகள் பிறர் குடியிருக்கும் வீடுகள் என்பதால், வாசலில் நின்று கேளாமல் படம் எடுப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். புறப்படும் நாளில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்ப்பதும் அவசியம். மஞ்சள் நிற எச்சரிக்கை இருந்தாலே நடையை ஒத்திப்போடுவது நல்லது.

கேள்வி: ஆசிரியர்களான எங்களுக்கு ஓகஸ்டில்தான் நீண்ட விடுமுறை கிடைக்கிறது. அப்போது படிக்கட்டு வயல்களைப் பச்சையாகவோ பொன்னிறமாகவோ பார்க்க முடியுமா? – ஒரு வாசகர், பருத்தித்துறை

பதில்: மாரி மழையோடு எல்லா வயலும் ஒருங்கே விதைக்கப்படும் நமது வழக்கத்தை வைத்து மலைநாடுகளைக் கணக்கிட இயலாது. வியட்நாமின் சாப்பா, மு காங் சாய் மலைகளில் செப்டெம்பரில் கதிர் முற்றுவதால், ஓகஸ்டில் பச்சையைக் காணலாம். ஆனால் அது மழைக்காலம், பாதை சேறாயிருக்கும். பிலிப்பைன்ஸின் இஃபுகாவோ வயல்களில் ஆண்டுக்கு ஒருமுறை விளையும் பாரம்பரிய நெல் யூன், யூலை மாதங்களில் அறுவடையாகிவிடும். நேபாளத்தில் யூன் இறுதியில் தொடங்கும் நடவு ஒக்டோபர், நவம்பரில் அறுவடைக்கு வருகிறது. சீனாவின் யுவான்யாங்கில் குளிர்காலத்தில் நீர் நிறைந்து கண்ணாடிபோல் மின்னும் வயல்களைக் காணவே பலர் செல்கின்றனர். ஓகஸ்ட் விடுமுறை மட்டுமே உள்ளவருக்குப் பாலித்தீவு பொருந்தும்: அங்கே நீர்க் கோயில்களை மையமாகக் கொண்ட சுபாக் சங்கங்கள் முறைவைத்து நீரைப் பகிர்வதால், அறுவடையான வயலையும் நாற்று நட்ட வயலையும் அருகருகே காணக்கூடும். நாட்டுக்குள்ளேயே என்றால் நக்கிள்ஸ் மலைத்தொடரின் மீமுரே. அதன் கிழக்குப் பக்கத்தில் ஓகஸ்ட் பெரும்பாலும் உலர்ந்த காலம்.

கேள்வி: வெளிநாட்டு மலைக் கிராமம் ஒன்றில் வயல் வரம்பின்மீது நடந்தபோது ஒரு மூதாட்டி எங்களைக் கடுமையாகத் திட்டி இறக்கிவிட்டார். நாங்கள் பயிர் எதையும் மிதிக்கவில்லை. நடக்கவும் கூடாதா? – ஒரு மாணவர், கோப்பாய்

பதில்: அவரது கோபத்தில் நியாயம் உண்டு. நமது வயலில் ஒரு வரம்பு உடைந்தால் நீர் அயல் வயலுக்குப் போகும். மறுநாள் மண்வெட்டியோடு சென்று அடைத்துவிடலாம். மலைச்சரிவில் அப்படியன்று. உச்சியிலுள்ள காட்டில் ஊறும் நீர் வாய்க்கால் வழியே முதல் வயலுக்கு வந்து, அது நிரம்பியபின் அடுத்ததற்கும், அதிலிருந்து அதற்கடுத்ததற்கும் இறங்குவதால், இடையில் ஒரு வரம்பு சரிந்தால் மேல்வயல் வற்றுவதோடு கீழே உள்ளவற்றை மண்ணும் கல்லும் மூடக்கூடும். ஈரமான மண்வரம்பின் ஓரத்தை ஒருவர் மிதித்தால் விரிசல் சிறிதாகத்தான் தெரியும். அன்றிரவு மழை பெய்தால் அதுவே உடைப்பாகும். இஃபுகாவோவில் மண்புழுக்கள் குடையும் துளைகளே வரம்புகளை அரித்து உழவரைப் பாடாய்ப் படுத்துகின்றன என்றால், சப்பாத்துக் கால்கள் வரிசையாக நடந்தால் என்னாகும்? 1995இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த அவ்வயல்கள், 2001இல் ஆபத்துக்குள்ளானவற்றின் பட்டியலுக்குப் போய், 2012இல்தான் மீண்டன. இளைஞர் ஊரைவிட்டுச் செல்ல, சுவர்களையும் வாய்க்கால்களையும் பராமரிக்க ஆளில்லாமற் போனது அவை ஆபத்துப் பட்டியலுக்குப் போனதற்கு ஒரு முக்கிய காரணம். ஆகவே உடைந்த வரம்பைத் திருத்தும் வேலை பெரும்பாலும் அம்மூதாட்டி போன்றவர்களிடமே வந்து சேரும்.

இன்னொன்றும் உண்டு. சீனாவின் யுன்னான் மாகாணத்து ஹானி மக்கள், வாய்க்கால் பிரியும் இடத்தில் வெவ்வேறு அகல வெட்டுக்கள் செதுக்கிய மரக்கட்டையொன்றைக் குறுக்கே பதித்து, அவரவர் பங்குக்கேற்ப நீரைப் பிரிக்கிறார்கள். கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதிய நமது காணி உறுதிக்கு எவ்வளவு மதிப்போ, அக்கட்டைக்கும் அங்கே அவ்வளவு மதிப்பு. வாய்க்காலைத் தாண்ட வசதியாக இருக்கிறதென்று அதன்மீது கால்வைத்து அசைத்துவிடும் பயணிக்கு, தாம் ஓர் ஊரின் நீர்க்கணக்கைக் கலைத்தது தெரியவே வராது. நேபாளத்திலோ வரம்பிலேயே சோயா அவரையும் உளுந்தும் விதைப்பார்கள். தாங்கள் மிதிக்கவில்லை என்று கருதிய பயிர் அதுவாகக்கூட இருந்திருக்கலாம்.

நடக்கவே கூடாதென்பதில்லை. பல ஊர்களில் கல் பாவிய பொதுப்பாதை வயல்களுக்கு ஊடே செல்லும். அதைவிட்டு விலக வேண்டுமானால் வயலில் நிற்பவரிடம் கையசைத்துக் கேளுங்கள். புதிதாகச் சேறு பூசி மெழுகிய வரம்பில் எவர் அனுமதித்தாலும் ஏறாதீர்கள். எதிரே எருமையோ கோவேறு கழுதையோ வந்தால் பள்ளத்தின் பக்கமன்றி மலைச்சுவரின் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள்.

கேள்வி: அட்டை கடித்தால் என்ன செய்வது? – ஒரு வாசகி, மானிப்பாய்

பதில்: பதறி இழுக்காமல், மெலிந்த முனைப் பக்கமாக நகத்தை நுழைத்துத் தள்ளிவிடுங்கள், பிறகு சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். உப்பைக் கடிவாயில் இடுவதைவிட முன்கூட்டியே காலுறையின் வெளிப்புறத்தில் தேய்ப்பது நல்லது. இரத்தம் சிறிது நேரம் கசியும், பயப்பட வேண்டியதில்லை.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா? – ஒரு வாசகர், நல்லூர்

பதில்: நேபாளத்தில் கவலையே இல்லை, சோறும் பருப்பும் கறியும் கேட்கக் கேட்க வட்டிலில் விழும். வியட்நாமிலும் இஃபுகாவோவிலும் மரக்கறியிலேயே மீன் சாறோ பன்றிக் கொழுப்போ கலந்திருக்கலாம். பருத்தித்துறை வடையும் பனங்கட்டியும் பையில் இருந்தால் ஒரு வேளையைச் சமாளித்துவிடலாம். வீட்டுத் தங்கலாயின், ஊரை அடைந்தவுடனேயே உணவு முறையைச் சொல்லிவிடுங்கள்; வீட்டுக்காரர் இருட்டுவதற்குள் தோட்டத்தில் இறங்கிக் கீரை பறிக்க வேண்டியிருக்கும்.